இனிப்பு நீர் உள்ளவர்கள் இருதயத்தைக் காக்க நடப்பது எப்படி? எவ்வளவு நடக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும்?

"வாயுப் பிடிப்புதான். ஓமத் தண்ணி குடிச்சா சரியாப் போயிடும்."

அன்று இரவு என் அப்பா இப்படித்தான் சொன்னார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவில்லை. பெரிய வலி என்றும் எதுவும் இல்லை. கொஞ்சம் மூச்சு வாங்கியது, உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்தது, எழுந்து நிற்க முடியாத அசதி. மறுநாள் காலை மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்த பிறகுதான் அது மாரடைப்பு என்று தெரிய வந்தது. அப்பாவுக்கு அப்போது இனிப்பு நீர் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீடு திரும்பிய பிறகு இன்னொரு குழப்பம். "தினமும் நடக்க வேண்டும்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். அம்மாவோ, "நீங்க பேசாம உட்காருங்க, நடந்தா மறுபடியும் வந்திடும்" என்று வாசல் கதவைச் சாத்தினார். உறவினர்களில் பாதிப் பேர் அம்மா பக்கம்.

இதே குழப்பம் நம் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி எப்படி உதவுகிறது, எவ்வளவு தேவை, யாருக்கு எச்சரிக்கை வேண்டும் என்பதை ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறோம். வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம். வீட்டில் உள்ள பெரியவர்களுக்குப் படித்தும் காட்டலாம்.

நம்மவர்களிடையே நிலை என்ன?

தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி 2019-இல் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023-இல் அது 15.6 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். 2019 ஆய்வில் இனவாரியாகப் பார்த்தபோது இந்தியர்களின் அளவே மிக அதிகம், 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர்.

உடலுழைப்பிலும் நிலைமை மகிழ்ச்சி தருவதாக இல்லை. 2023 ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் சுமார் மூவரில் ஒருவர் உடலுக்குத் தேவையான அளவு அசைவதே இல்லை. இன்னொரு பக்கம், இந்நாட்டில் மக்களின் உயிரைப் பறிக்கும் நோய்களில் இருதய நோய் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருந்து வருகிறது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

சர்க்கரை நோய்தானே, இருதயம் எங்கே வந்தது?

இனிப்பு நீர் என்றதும் நாம் பயப்படுவது கால் எடுப்பதற்கும் டயாலிசிஸுக்கும்தான். கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்க்கும் அளவு குறைந்திருந்தால் நிம்மதியாக வீடு திரும்புகிறோம். ஆனால், இனிப்பு நீர் உள்ளவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம்.

இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருந்துகொண்டிருந்தால் இரத்தக் குழாய்களின் உட்சுவர் மெல்ல மெல்லச் சேதமடைகிறது. சேதமடைந்த இடத்தில் கொழுப்பு படிகிறது. இனிப்பு நீரோடு இரத்தக் கொதிப்பும் கொலஸ்ட்ராலும் சேர்ந்தே வருவது வழக்கம். அவை படிவை இன்னும் விரைவுபடுத்துகின்றன. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து, குழாய் அடைபடுகிறது. அதுவே மாரடைப்பு.

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நீண்ட நாள் இனிப்பு நீர் நரம்புகளையும் பாதிக்கிறது. பாதத்தில் முள் குத்தினாலும் சிலருக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். இருதயத்தின் வலியைச் சொல்லும் நரம்புகளுக்கும் இதே கதி நேரலாம். அதனால் வலியே இல்லாமல், அல்லது மிகக் குறைந்த வலியோடு மாரடைப்பு வந்து போகும். என் அப்பாவுக்கு நேர்ந்தது அதுதான். "வாயு" என்று நாம் பெயர் வைக்கும் எல்லாமே வாயு அல்ல.

தோட்டத்தில் நடந்தோம், தாமானில் உட்கார்ந்தோம்

நம் தாத்தா பாட்டிகள் உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்தவர்கள் அல்லர். விடியும் முன் பெரட்டுக்கு நின்று, பிறகு நிரை நிரையாக ஏறத்தாழ 500 மரங்கள் வெட்டி, மறுபடியும் அதே மரங்களைச் சுற்றிப் பால் எடுத்து, காண்டாவில் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் நடந்தார்கள். அவர்களுக்கு வேறு துன்பங்கள் ஏராளம். ஆனால், உடல் அசையவில்லை என்ற குறை இல்லை.

தோட்டங்களை விட்டு நகரங்களுக்கும் தாமான்களுக்கும் வந்த பிறகு வேலை மாறியது. பன்னிரண்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் ஜாகா வேலை, லாரி ஓட்டுநர் இருக்கை, தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நின்று பார்க்கும் வேலை, அலுவலகக் கணினி. பக்கத்துத் தெருக் கடைக்கும் மோட்டார் சைக்கிள். சாப்பாடு மட்டும் பெரிதாக மாறவில்லை. தட்டில் சோறு அதே அளவு, அதோடு இனிப்பான தே தாரிக்கும் சேர்ந்துகொண்டது.

உட்கார்ந்தே செய்யும் வேலை இருதயத்தைக் கெடுக்கும் என்பதை முதன்முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று பேருந்துத் தொழிலாளர்களைப் பற்றியது. லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்கப் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவரையும் ஒப்பிட்ட மருத்துவர் ஜெர்ரி மோரிஸ், நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாக வருவதை 1953-இல் வெளியிட்டார். அதன் பிறகு வந்த ஆய்வுகள் இதை மேலும் மேலும் உறுதி செய்திருக்கின்றன.

"வீட்டு வேலை எல்லாம் நானே செய்றேன், அது போதாதா?" என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. வீட்டு வேலையும் கணக்கில் சேரும். ஆனால் மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்குச் செய்தால் மட்டுமே. வாளியில் தண்ணீர் தூக்குவதும், வாசல் கழுவுவதும், தோட்டம் கொத்துவதும் சேரும். அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பது களைப்பைத் தரும்; இருதயத்துக்கான பயிற்சி ஆகாது.

நடக்கும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது?

சாப்பிட்ட உணவிலிருந்து வரும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்ப இன்சுலின் தேவை. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் இருந்தாலும் தசை அதன் சொல்லைக் கேட்பதில்லை. அதனால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

ஆனால், வேலை செய்யும் தசைக்கு இன்னொரு வழியும் உண்டு. சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்காகக் காத்திராமல் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் அது இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். இந்தப் பலன் ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை நீடிக்கும். பிறகு மறைந்துவிடும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விட்டுவிடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். ஞாயிறு மட்டும் திடலில் இரண்டு மணி நேரம் ஓடுவதைவிட, வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது சர்க்கரைக்கு நல்லது; இருதயத்துக்கும் பாதுகாப்பு.

மாதக்கணக்கில் தொடர்ந்தால் மாற்றங்கள் பரிசோதனை முடிவிலேயே தெரியும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, முறையான பயிற்சியால் சராசரியாக 0.7 அளவுக்குக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒருவருக்கு 8.2 இருந்தால் 7.5 ஆகலாம். இரத்தக் கொதிப்பு இறங்குகிறது. டிரைகிளிசரைடு கொழுப்பு குறைகிறது, நல்ல கொலஸ்ட்ரால் சற்று ஏறுகிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து சுருங்கும் தன்மை மேம்படுகிறது. இருதயத் தசை வலுப்பெற்று, அதே வேலையைக் குறைந்த துடிப்பில் செய்யப் பழகுகிறது.

எடை குறையவில்லையே என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தராசு முள் நகராவிட்டாலும் மேலே சொன்ன நன்மைகள் கிடைக்கும். தராசைவிட இடுப்பளவை அடிக்கடி பாருங்கள். ஆசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பது நல்லது.

எவ்வளவு நடக்க வேண்டும்?

வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 150 நிமிடம் என்பது நாளுக்கு 30 நிமிடமாக வாரத்தில் ஐந்து நாள். 30 நிமிடத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதில்லை.

மிதமான வேகம் எது என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதவில்லை. இரண்டு சொல் பேசவே திணறினால் வேகம் அதிகம். பிசோபிரோலால், மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு நாடித் துடிப்பு மற்றவர்களுக்குப் போல ஏறாது. அவர்கள் நாடியை எண்ணிப் பார்ப்பதைவிட இந்தப் பேச்சுச் சோதனையை நம்பலாம்.

நெடுநாள் நடக்காதவர்கள் இப்படித் தொடங்கலாம்:

- முதல் 2 வாரம்: மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் 5 நிமிடம், வழக்கமான வேகத்தில்.
- 3, 4-ஆம் வாரம்: ஒவ்வொரு வேளையும் 8 நிமிடம்.
- 5, 6-ஆம் வாரம்: ஒவ்வொரு வேளையும் 10 நிமிடம். நாளுக்கு 30 நிமிடம் ஆகிவிட்டது.
- 7-ஆம் வாரம் முதல்: அதே 10 நிமிடத்தில் நடுவில் உள்ள ஐந்தாறு நிமிடம் வேகத்தைக் கூட்டலாம்.

முதல் ஒன்றிரண்டு நிமிடமும் கடைசி ஒன்றிரண்டு நிமிடமும் எப்போதும் மெதுவாகவே இருக்கட்டும். சட்டென்று தொடங்குவதும் சட்டென்று நிறுத்துவதும் இருதயத்துக்கு நல்லதல்ல.

சாப்பிட்டதும் பத்து நிமிடம்

சாப்பிட்ட பின் நடக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரைச் சில நாட்கள் தினமும் ஏதாவது ஒரு நேரத்தில் 30 நிமிடமும், வேறு சில நாட்கள் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடமும் நடக்க வைத்தனர். மொத்த நடை ஒன்றுதான். ஆனால், சாப்பிட்ட பின் நடந்தபோது உணவுக்குப் பிந்திய சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பிறகு அது 22 விழுக்காடு. இந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது.

நம் வீடுகளில் இரவுச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. அது முடிந்ததும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, அப்படியே தூங்கப் போவதும் வழக்கம். அந்தப் பத்து நிமிடத்தைத் தாமான் தெருவிலோ அடுக்குமாடியின் நடைபாதையிலோ நடந்தால் பலன் அதிகம். தெருநாய்த் தொல்லையோ மழையோ இருந்தால் வீட்டு வரவேற்பறையிலேயே முன்னும் பின்னும் நடக்கலாம். நின்ற இடத்தில் கால் தூக்கி நடப்பதும் நடைதான்.

உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் 30 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் அசைய வேண்டும். ஜாகா வேலையில் உள்ளவர்கள் வாயிற்கதவு வரை ஒரு நடை, லாரி ஓட்டுநர்கள் வண்டி நிற்கும் இடத்தில் வண்டியைச் சுற்றி நான்கு சுற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

தசைக்கும் வேலை கொடுங்கள்

நடை மட்டும் போதாது. சர்க்கரையை வாங்கிச் சேமிக்கும் பெரிய கிடங்கு தசைதான். வயது ஏற ஏறத் தசை கரைகிறது; கிடங்கு சிறுக்கிறது. நடையும் தசைப் பயிற்சியும் சேர்ந்து செய்பவர்களுக்கு, ஒன்றை மட்டும் செய்பவர்களைவிடச் சர்க்கரை நன்றாகக் கட்டுப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதற்காக ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இவற்றைச் செய்யலாம்:

- கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருதல், 8 முதல் 10 முறை.
- சுவரில் இரு கைகளையும் ஊன்றி, உடலைச் சுவர் பக்கம் சாய்த்து மீண்டும் தள்ளுதல், 8 முதல் 10 முறை.
- மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல், 10 முறை.
- தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் போத்தலை இரு கைகளிலும் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுதல், 10 முறை.

பயிற்சியின்போது மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் இரத்தக் கொதிப்பு சட்டென்று ஏறும். எழும்போது மூச்சை விடுங்கள், உட்காரும்போது இழுங்கள்.

நடக்கிறேன், மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

அமெரிக்காவில் இரண்டாம் வகை நீரிழிவும் உடல் பருமனும் உள்ள 5,145 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பிரிவினருக்கு உணவுக் கட்டுப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் தீவிரப் பயிற்சி தரப்பட்டது. அவர்களுக்கு எடை, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு எல்லாம் மேம்பட்டன; மருந்துத் தேவையும் குறைந்தது. ஆனால், ஏறத்தாழ பத்தாண்டு கண்காணித்தும், மாரடைப்பும் பக்கவாதமும் வந்தவர்களின் எண்ணிக்கையில் இரு பிரிவுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இல்லை. வழக்கமான கவனிப்பில் இருந்த பிரிவினரும் கொலஸ்ட்ரால், இரத்தக் கொதிப்பு மருந்துகளை நன்றாக எடுத்துக்கொண்டது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. முதல் ஆண்டில் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களுக்கு மட்டும் ஆபத்து குறைந்திருந்ததைப் பிறகு நடந்த ஆய்வு காட்டியது.

இதிலிருந்து புரிவது, நடையும் மருந்தும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதே. இரண்டும் சேர்ந்தால்தான் இருதயத்துக்குக் காப்பு. நடையால் சர்க்கரை குறைந்திருந்தால் மருந்தைக் குறைக்கலாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நோய் இன்னும் வராதவர்களுக்குப் பலன் இதைவிடப் பெரிது. சீனாவின் டா சிங் நகரில் 1986-இல், நீரிழிவின் விளிம்பில் இருந்த சுமார் 577 பேரிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. ஆறு ஆண்டு உணவு முறையையும் உடற்பயிற்சியையும் கடைப்பிடித்தவர்களை 30 ஆண்டுக்குப் பிறகு பார்த்தபோது, இருதய, இரத்தக் குழாய் நோய்கள் அவர்களுக்கு 26 விழுக்காடு குறைவாக வந்திருந்தன. நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களிடம் இது பலிக்குமா என்ற கேள்விக்குச் சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்திய ஆய்வு விடை தந்தது. 2006-இல் வெளிவந்த அதன் முடிவின்படி, நடையும் உணவுக் கட்டுப்பாடும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. அப்பா அம்மாவுக்கு இனிப்பு நீர் உள்ள என்னைப் போன்ற பிள்ளைகள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

வழக்கமான வேகத்தில் நடக்கத் தொடங்குவதற்குப் பெரும்பாலோர்க்குச் சிறப்புப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. ஆனால், கீழ்க்கண்டவர்கள் முதலில் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்:

- நடந்தால் நெஞ்சு கனப்பவர்கள், மூச்சு வாங்குபவர்கள், மயக்கம் வருபவர்கள்.
- முன்பே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள்.
- கண்ணின் விழித்திரையில் பாதிப்பு முற்றியவர்கள். இவர்கள் பளு தூக்குவதும் குதிப்பதும் கண்ணுக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.
- பாதத்தில் புண் உள்ளவர்கள். புண் ஆறும் வரை நடைக்குப் பதிலாக நாற்காலியில் அமர்ந்து கைப் பயிற்சி செய்யலாம்.
- எழுந்து நின்றதும் தலை சுற்றுபவர்கள்.
- இதுவரை அதிகம் அசையாமல் இருந்து, இனி ஓடவோ பந்து விளையாடவோ விரும்புபவர்கள்.

கடைசியாகச் சொன்னதைக் குடும்பத் தலைவர்கள் கவனிக்க வேண்டும். ஆண்டு முழுக்க உட்கார்ந்துவிட்டு, தீபாவளி ஒன்றுகூடலில் திடீரென்று காற்பந்துத் திடலில் இறங்குவது இருதயத்துக்கு ஆபத்தானது.

சர்க்கரை தாழ்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு நடையால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்வது அரிது. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்லசைட், கிளிபென்கிளாமைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் தாழ வாய்ப்பு உண்டு. அவர்கள் பயிற்சிக்கு முன் அளவு பார்ப்பது நல்லது. 5.0-க்குக் கீழ் இருந்தால் ஒரு சிறு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்கலாம். 16.7-க்கு மேல் இருந்து, தாகமும் அடிக்கடி சிறுநீரும் அசதியும் சேர்ந்திருந்தால் அன்று கடினப் பயிற்சி வேண்டாம், கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, வியர்வை, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். உடனே நின்று, மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பவும் அளவு பாருங்கள். 4.0-க்குக் கீழேயே இருந்தால் மீண்டும் ஒரு முறை குடிக்க வேண்டும். சாக்லேட் மெதுவாகத்தான் வேலை செய்யும். சீனி இல்லாத பானங்கள் பயன்படா. நடக்கப் போகும்போது சட்டைப் பையில் நான்கைந்து இனிப்பு மிட்டாய் இருக்கட்டும்.

பாதம், வெயில், புகைமூட்டம்

சிலிப்பரில் நடக்காதீர்கள். மூடிய, மென்மையான காலணியும் காலுறையும் போடுங்கள். போடும் முன் காலணிக்குள் கல், ஆணி இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். வீடு திரும்பியதும் பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள்; குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம்.

காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வெயில் தணிந்திருக்கும். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே நடக்காமல் வீட்டுக்குள்ளோ பேரங்காடியிலோ நடக்கலாம்.

தைப்பூசக் காலத்தில் தனிக் கவனம் தேவை. விரதம் இருந்து, வெறுங்காலில் பால்குடமோ காவடியோ எடுத்து, பத்துமலையின் 272 படிகளை ஏறுவது கடினமான உடற்பயிற்சி. விரதத்தின்போது மாத்திரை, இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்று சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். உணர்ச்சி மங்கிய பாதத்துக்குச் சூடான தார்ச்சாலை கொப்புளம் போட்டாலும் தெரியாது. நேர்த்திக்கடன் இருப்பவர்கள் வெயில் ஏறும் முன் முடித்துக்கொள்வதும், இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே நடந்து பழகிக்கொள்வதும் நல்லது.

எப்போது நிறுத்த வேண்டும்?

நடக்கும்போது நெஞ்சில் கனம், அழுத்தம், எரிச்சல் வந்தாலோ, தாடை, தோள், இடது கை, முதுகுக்கு வலி பரவினாலோ, வழக்கத்துக்கு மீறி மூச்சு வாங்கினாலோ, குளிர் வியர்வை, குமட்டல், மயக்கம் வந்தாலோ உடனே நில்லுங்கள். உட்காருங்கள். ஓய்வெடுத்த சில நிமிடத்தில் சரியானாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். சரியாகாவிட்டால் 999-ஐ அழையுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகக் கூடாது.

இனிப்பு நீர் உள்ளவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும், நெஞ்சு வலியே வராமல் மூச்சு வாங்கலும் அசதியும் வியர்வையும் மட்டும் வரலாம். "காலையில பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். அடைபட்ட குழாய் திறக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். வாயு என்று நினைத்துப் போய் அது வாயுவாகவே இருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

மாரடைப்பு வந்தவர் நடக்கலாமா?

நடக்கலாம், நடக்கவும் வேண்டும். மருத்துவர் அனுமதித்த பிறகு, அவர் சொன்ன அளவில். மாரடைப்பு வந்தவர்களுக்குக் கண்காணிப்போடு பயிற்சி தரும் இருதய மறுவாழ்வுச் சிகிச்சை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. அடுத்த முறை சிகிச்சைக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். அதில் சேர்பவர்களுக்கு இருதய நோயால் இறக்கும் ஆபத்து குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

என் அப்பாவும் அப்படித்தான் தொடங்கினார். முதல் வாரம் வாசலிலிருந்து தெருமுனை வரை. அம்மா சீனித் தண்ணீர் போத்தலோடு பின்னாலேயே போனார். பிறகு இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். அம்மாவுக்கும் இனிப்பு நீர் இருக்கிறது. அவருக்கும் நடை தேவை என்பது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. இப்போது இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் தாமானை ஒரு சுற்று வருகிறார்கள். மாத்திரைகளும் தொடர்கின்றன.

உங்கள் வீட்டிலும் இனிப்பு நீர் உள்ளவர் இருந்தால், இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் அவரோடு ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள்.